ஷாபெரை பிடுங்கிய ஆண் செடிகள்

மலைமேல் இருக்கிற எங்கள் ஸ்பின்கமரில் ஷாபெரைக்குப் பயப்படாத ஆண்பிள்ளை ஒருவர்தான் இருந்தார். அவர் என் கணவர் மீர்பாஸ். தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவருக்கு எந்நாளும் இருந்ததில்லை. பார்த்திருந்தால் அவரும் பயந்திருப்பார்.

ஷாபெரை எனக்கு ஓரகத்தி. என் கணவரின் தம்பி ஜனாஸின் மனைவி. ஜனாஸ் ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிறான். ஊருக்கு வரும்போது கம்பளியும் சென்ட் பாட்டிலும் கொண்டு வருவான், ஒரு மாதம் ஹுஜ்ரா என்கிற ஆண்கள் சாவடியில் உட்கார்ந்து டீ குடிப்பான், போய்விடுவான். வயலைப் பார்த்தவள் அவள்தான். பாகப்பிரிவினையில் மூத்தவர் என்று என் கணவருக்கு ஓடைத் தண்ணீர் பாயும் கீழ்வயல்கள் வந்தன. ஜனாஸுக்கு மேட்டு நிலம். எத்தனை கல் பொறுக்கினாலும் மறு வருஷம் புதிதாகக் கல் முளைக்கும் நிலம் அது.

கீழே பாக் என்கிற ஊரின் கடைத்தெருப் பக்கம் கஞ்சா அறுப்பு முடிகிறவரை வெயில் இருக்கும். எங்கள் உயரத்தில் அப்படியில்லை. மக்காச்சோளக் கதிரை வீட்டுக்குள் சேர்ப்பதற்குள் ஒரு காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். கீழிருந்து வாங்கி விதைக்கிற செடி ஆள் உயரம் வளரும், தழையும், பார்க்க அழகாக இருக்கும். பூ பிடித்து முற்றுகிற நேரத்தில் உறைபனி விழுந்து கருகிப்போகும். குளிர்காலத்தில் காய்ந்த பூவைத் துணிமேல் தட்டிச் சலித்தால் கர்தா என்கிற பொன்னிறத் தூள் இறங்க வேண்டும். அதைப் பிசைந்துதான் சரஸ் செய்கிறோம். எங்கள் பூவில் இறங்கியது வெறும் இலைப்பொடி. வியாபாரி ஹாஜி லால்மர் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்துவிட்டு, “இத ஆட்டுக்குப் போடுங்க, அதுவாவது சந்தோஷப்படட்டும்” என்பார். ஹுஜ்ராவே சிரிக்கும். எங்கள் வீட்டு ஆண்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

ஷாபெரை சிரிக்கவில்லை. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் மொத்த வயலும் ஒரே இரவில் கருகியது. காலையில் அவள் வயலுக்குள் நின்று பனியைத் திட்டியது என் வீட்டு முற்றம் வரை கேட்டது. பனியை ஒருத்தி பெயர் சொல்லித் திட்டி நான் அதற்கு முன் கேட்டதில்லை. திட்டி முடித்துத் திரும்பும்போதுதான் கற்குவியலுக்கு ஓரமாகக் குட்டையாய் ஒரு செடியைப் பார்த்திருக்கிறாள். இடுப்புக்குக் கீழே உயரம், அகலமான கரும்பச்சை இலை. அது மட்டும் முன்பே பூத்து முற்றி, விதையும் உதிரத் தொடங்கியிருந்தது. கையை வைத்தால் பிசின் ஒட்டியது. அந்த விதையைத் தனியே எடுத்து வைத்தாள்.

மறு வருஷம் அந்த விதையில் பாதி பழையபடி நெடுநெடுவென்று வளர்ந்து தாமதித்தது. மீதியில் முந்திப் பூத்தவற்றிலிருந்து மறுபடி விதை எடுத்தாள். அப்போதும் சரிவரவில்லை. ஒருநாள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

“பாபி, நாம பொட்டச் செடியப் பார்த்துப் பார்த்து விதை எடுக்கறோம். அதுக்கு அப்பன் யாருன்னு யாராவது கேக்கறோமா?”

“செடிக்கு என்னடி அப்பன்?”

“இந்த ஊர்ல மனுஷன்னா ஏழு தலைமுறை அப்பன் பேர ஒப்பிக்கறான். செடிக்கு மட்டும் அப்பன் வேணாமா?”

அந்த வருஷத்திலிருந்து அவள் கண் ஆண் செடிகள்மேல் விழுந்தது. மற்ற நாங்களெல்லாம் ஆண் செடியைப் பூத்த பிறகு எப்போதாவது பிடுங்கி மாட்டுக்குப் போடுவோம், அல்லது விட்டுவிடுவோம். அவள் மொட்டு விடும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிந்தி மொட்டு வைத்தால் பிடுங்கு. முந்தி வைத்தும் இலையைக் கசக்கினால் வாசனை இல்லையென்றால் அதையும் பிடுங்கு. சீக்கிரம் பூத்து உள்ளே ஒன்றுமில்லாத செடி, வேகமாக ஓடி வந்து வெறுங்கையோடு நிற்கிற விருந்தாளி மாதிரி என்பாள். மிச்சம் நின்ற சில ஆண் செடிகளின் மகரந்தம்தான் வயலுக்கு. மத்தியான வெயிலில் குனிந்து குனிந்து செய்கிற வேலை. மடியில் பிள்ளை, வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் செய்தாள். அவளுடைய மூத்த மகள் கல்யாண வயதுக்கு வந்தபோதுதான் அந்த விதை ஒரு நிலைக்கு வந்தது. வயல் முழுக்க ஒரே உயரம். குளிர் பட்டதும் இலை ஊதாவாக மாறும். வால்நட் உலுக்குகிற நாளில் அறுத்துவிடலாம். பனி வரும்போது அவள் செடி கூரையில் காய்ந்துகொண்டிருக்கும்.

ஹாஜி லால்மரின் ஜீப் எங்கள் வாசலைத் தாண்டி மேட்டுக்குப் போகத் தொடங்கியது அப்போதுதான். என் கணவருக்கு அந்த ஜீப்பின் சத்தம் பிடிக்காமல் போனது. தம்பி மனைவியிடம் ஒரு பிடி விதை கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். இரண்டு திட்டு திட்டிவிட்டுக் கொடுத்திருப்பாள். கேட்பாரா? பெஷாவர் போனார். திரும்பி வரும்போது சட்டைப்பை நிறைய வண்ணப் படம் போட்ட பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் விரல்விட்டு எண்ணும்படி சில விதைகள். யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. விற்றவன், கடல் தாண்டி வந்த சரக்கு, கோடை முடிவதற்குள்ளேயே பூத்துவிடும் என்று சொல்லியிருக்கிறான்.

அதை என் முன்னால் பரப்பி வைத்துச் சிரித்தார். “உன் ஓரகத்தி இத்தனை வருஷம் முதுகு ஒடியப் பண்ணினத நான் ஒரே சாயங்காலத்துல வாங்கிட்டு வந்துட்டேன்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் வாங்கிவந்தது கெட்டுப்போனால்கூட என் பிள்ளைகள்தான் பசியோடு இருக்கும் என்பதால், நன்றாக வரட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் வேண்டியிருந்தது. அது இன்னும் எரிச்சல்.

முதல் வருஷம் அந்தக் கொஞ்ச விதையைப் பெருக்கினார். இரண்டாம் வருஷம் கீழ்வயல் முழுக்க விதைத்தார். விற்றவன் பொய் சொல்லவில்லை. முழங்கால் உயரம் வந்ததுமே, வெயில் உச்சியில் இருக்கும்போதே பூத்தது. பக்கத்து ஊர் ஆண்கள்கூட வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஆண் செடிகள் மஞ்சள் கொத்தாகத் தொங்கின. அசைத்தால் தூள் பறந்தது.

எங்கள் பள்ளத்தாக்கில் மத்தியானக் காற்று கீழிருந்து மேலே ஏறும். கீழ்வயல் எங்களுடையது. மேல்வயல் அவளுடையது.

ஷாபெரை அன்றே மதிலோரம் வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அண்ணன் என்ற மரியாதையோடு லாலா என்று கூப்பிட்டுத்தான் கேட்டாள்.

“லாலா, உங்க செடியில பொட்டைய வச்சுக்கோங்க. ஆண் செடிய மட்டும் பிடுங்கிடுங்க. அந்தத் தூள் என் வயலுக்கு வருது. எனக்கு விதை போயிரும்.”

“காத்து அல்லாவோடது. என்னோடது இல்ல.”

“காத்து அவனோடது. செடி உங்களோடது.”

“உன் செடி அவ்வளவு ஒசத்தின்னா அதுக்கு முக்காடு போட்டு வை” என்றார் என் கணவர். பின்னால் நின்ற ஆட்கள் சிரித்தார்கள்.

அவள் மறுநாளும் வந்தாள். என் மூலமாகவும் சொல்லியனுப்பினாள். நான் சொன்னேன். வயல் விஷயத்தில் பொம்பளைகளுக்கு என்ன பேச்சு என்று தட்டைத் தள்ளிவிட்டார். விதைப்பதும் களை பிடுங்குவதும் அறுப்பதும் சலிப்பதும் நாங்கள். பேசுவதற்கு மட்டும் அவர்கள்.

வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லோரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். நடுமத்தியானம். நான் கூரையில் தக்காளி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஷாபெரை மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். எல்லைக் கல்லைத் தாண்டினாள். எங்கள் வயலுக்குள் நுழைந்து முதல் வரிசையிலிருந்து ஆண் செடிகளைப் பிடுங்கத் தொடங்கினாள். ஒளியவில்லை, ஓடவில்லை. தன் வயலில் வேலை செய்கிற மாதிரியே ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிடுங்கினாள். ஒரு பெண் செடிமேல் அவள் கை படவில்லை. பிடுங்கியதைத் தூள் பறக்காதபடி ஓடையில் நனைத்து, கரையில் குவித்தாள். சுற்றி எல்லாக் கூரையிலும் பெண்கள் நின்று பார்த்தோம். ஒருத்தியும் கூப்பிடவில்லை. பாதி வயல் முடிந்தபோது தொழுகை முடிந்து ஆண்கள் வருகிற பேச்சுச் சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து, கையைக் கழுவி, வந்த வழியே ஏறிப் போனாள்.

இன்னொருவன் வயலுக்குள் கால் வைப்பது எங்கள் பக்கம் உயிர் போகிற விஷயம். அதைச் செய்தது ஒரு பெண். அதுவும் அண்ணன் வயலில், தம்பி ஊரில் இல்லாதபோது. என் கணவர் அன்று மாலையே ஜிர்கா என்கிற ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டினார். பெரியவர்கள் ஹுஜ்ராவில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஷாபெரையை யாரும் கூப்பிடவில்லை, ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. டீயும் வெல்லமும் நான்தான் அனுப்பினேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். மகரந்தத்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் தீர்ப்பு: அவள் ஒரு கிடாவோடு மீர்பாஸ் வீட்டு வாசலுக்கு நனவாத்தே வர வேண்டும். அதாவது, எதிராளி வாசலுக்கே போய்ப் பணிந்து நிற்பது.

அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். மகனிடம் கயிற்றைக் கொடுக்காமல் கிடாவைத் தானே இழுத்து வந்தாள். பெரியவர்கள் பின்னால் வந்தார்கள். என் கணவர் புதுத் தலைப்பாகை கட்டி வாசலில் நின்றார். அந்த மகிழ்ச்சியைப் பார்த்தபோது எனக்கு வாசல் கதவை அவர் முகத்தில் சாத்தத் தோன்றியது.

அவள் கிடாவை வாசலில் நிறுத்தினாள். “உங்க வயல்ல கால் வச்சது தப்பு. மன்னிச்சுக்கோங்க, லாலா.”

“சரி, சரி. மன்னிச்சேன்.”

“இன்னும் முடியல” என்றாள். “நனவாத்தே வந்தவ நான். வந்தவங்க கிடா அறுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டா வீட்டுக்காரர் இல்லேன்னு சொல்லக் கூடாது. மிச்ச ஆண் செடியப் பிடுங்கிப் போடுங்க. அதான் கேக்கறேன்.”

பெரியவர்களில் மூத்தவரான ஸவாப் குல் தாடியைத் தடவிக்கொண்டே என் கணவரைப் பார்த்தார். “கேட்டுட்டா, மீர்பாஸ். உங்க அப்பா இருந்தா குடுத்திருப்பாரு.”

அப்பா பெயரை எடுத்த பிறகு என்ன செய்வார்? தலையை ஆட்டினார். கிடாவை அறுத்தார்கள். இறைச்சியை எல்லோரும் தின்றார்கள். ஷாபெரை ஒரு துண்டு தொடவில்லை.

மறுநாள் என் கணவர் ஆளை வைத்துப் பிடுங்கினார். பாதையில் போகிறவர்கள் கண்ணில் படுகிற வரிசைகளை மட்டும். ஓடைக்கரைப் பள்ளத்தில் கிடந்தவற்றைத் தொடவில்லை. வாக்குக் கொடுத்தது பெரியவர்களுக்கு, செடி எண்ண அவர்கள் வரப்போவதில்லை என்றார். நான் ஷாபெரையிடம் போய்ச் சொன்னேன். அவள் வந்து மதிலோரம் நின்று பார்த்தபோது அந்தக் கொத்துகளெல்லாம் காலியாகியிருந்தன. தூள் மேலே ஏறி முடிந்திருந்தது. அன்று அவள் திட்டவில்லை. அவள் வாய் மூடியிருந்து நான் பார்த்த ஒரே நாள் அது. பக்கத்தில் நிற்கவே பயமாக இருந்தது.

அந்தக் குளிர்காலம் எங்கள் செடியைத் துணிமேல் தட்டினோம். நானும் என் மகள் கஷ்மாலாவும் கை மரத்துப்போகத் தட்டினோம். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் இறங்கியது. ஹாஜி லால்மர் விரலில் தேய்த்து ஊதிவிட்டார். “மீர்பாஸ், உன் செடி வேகமா வந்துச்சு, வேகமாவே போயிருச்சு.” அதற்குப் பிறகு ஹுஜ்ராவில் யாராவது அவசரப்பட்டால் மீர்பாஸ் செடி என்று சொல்லிச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து என்மேல் எரிந்து விழுந்தார். ஆண் செடியைப் பிடுங்கியதால்தான் பெண் செடி வாடியது, அவள் கண் பட்டுவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

ஷாபெரையின் கணக்கு அடுத்த கோடையில்தான் தெரிந்தது. ஒரே உயரமாக நிற்க வேண்டிய வயலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக முழங்கால் உயரத்திலேயே பூத்து நின்றன. கசக்கினால் வைக்கோல் வாசனை. எது சுத்தம், எது கலப்பு என்று பார்வைக்குத் தெரியாத செடிகள் அதைவிட மோசம். அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கி, சந்தேகப்பட்டதையெல்லாம் பிடுங்கினாள். சிரமப்பட்டு வளர்த்த செடியை, பூத்து நிற்கிற செடியை, கை நிறையப் பிடுங்கி எறிந்தாள். வயல் வழுக்கை விழுந்த தலை மாதிரி ஆனது. போதும், பிள்ளைகளுக்குச் சோறு வேண்டாமா என்று நான் தடுத்தேன்.

“விடு பாபி. இன்னிக்கு வயித்தப் பார்த்தா, என் மகனும் ஹாஜிகிட்ட ஆட்டுத்தீனின்னு பேச்சு வாங்குவான்.”

அந்தக் குளிர்காலத்தை ஜனாஸ் அனுப்பியதில் கழித்தாள். அதற்கும் அவனிடம் போனில் சண்டை. அண்ணனைப் பகைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டானாம். வசந்தத்தில், கலப்புக்கு முந்தைய வருஷங்களில் மீந்த பழைய விதைகளை எல்லாம் திரட்டி விதைத்தாள். பாதிக்கு மேல் முளைக்கவில்லை. முளைத்தது சுத்தமாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து.

ஆனால் கீழே என்ன விதைத்திருந்தார்கள்? எங்கள் வயலில் இன்னும் அந்தப் பொட்டல விதைதான். என் கணவரிடம் அதை வாங்கிய வீடுகளும் சில இருந்தன. காற்று மறுபடி ஏறும். அவள் அதை முன்பே யோசித்திருக்கிறாள். அந்தக் கோடையில் அவ்வீடுகளின் பெண்களிடம் நேரே போனாள். பெண்கள் நாங்கள் ஒருத்தி கேட்டதை ஒருத்தி தட்ட மாட்டோம். அவர்களே ஆண் செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். நானும் ஓடைக்கரை வரை போய்ப் பிடுங்கினேன். என் கணவர் கேட்டபோது ஆடு மேய்ந்துவிட்டது என்றேன். அறுப்பு முடிந்ததும் தன் புது விதையை வீடு வீடாகக் கொடுத்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் கொடுத்தாள், கொடுக்கும்போதே திட்டினாள்.

கடைசியாக எங்கள் வாசலுக்கு வந்தாள். பையை என் மடியில் போடவில்லை, வாசற்படியில் எறிந்தாள்.

“பாபி, இது உன் புருஷனுக்கு இல்ல.”

“பின்ன யாருக்கு?”

“கீழயிருந்து வர்ற காத்துக்கு. அந்த ஆள் கண்டதையும் விதைச்சா எனக்குத்தான் கேடு. அவருக்கு விதை குடுக்கறத நினைச்சா கை கூசுது. வேற வழியில்ல.” படியில் காறித் துப்பிவிட்டுப் போனாள். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் கணவர் பையை எடுத்தார். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். விதைத்தார். எங்கள் நிலத்துக்குத் தண்ணீர் உண்டு. செடி அவள் வயலைவிடச் செழிப்பாக வந்தது. ஹாஜி லால்மரின் ஜீப் முதல்முறையாக எங்கள் வாசலில் நின்றது. ஹாஜி தூளை உள்ளங்கையில் உருட்டி, இது எங்கே பிடித்த விதை என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்த எனக்குப் பதில் தெளிவாகக் கேட்டது.

“என்னோடதுதான், ஹாஜி. பல வருஷ உழைப்பு.”

கெட்டிலை அப்படியே கீழே வைத்தேன். அடுத்த மாதம் பாக் கடைத்தெருவில் அது ‘மீர்பாஸ் விதை’ ஆகிவிட்டது. மருந்து வாங்கப் போன ஷாபெரையின் மகன் கேட்டுவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னான். அவள் விறகு வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த மாலை முழுக்கக் கோடாரிச் சத்தம் நிற்கவில்லை. தேவைக்கு மேலே வெட்டினாள்.

பெயரை அவளால் திருப்பி வாங்க முடியவில்லை. கடைத்தெருவில் பெண்கள் பேச முடியாது. பேசினாலும் யார் கேட்பார்கள்? இன்றும் அங்கே அதே பெயர்தான்.

ஆனால் என் கணவர் ஆண் செடியைப் பார்த்துப் பிடுங்குகிறவர் இல்லை. வெயிலில் குனிய மாட்டார், ஆளை வைத்தால் ஆளுக்கு எது என்று காட்டத் தெரியாது. இரண்டு வருஷத்தில் அவர் எடுத்த விதை மறுபடி நெடுநெடுவென்று வளர்ந்து, பனியில் பாதி கருகியது. பனி உருகியதும் என்னைக் கூப்பிட்டார்.

“கஷ்மாலா அம்மா, மேல போய்க் கொஞ்சம் விதை வாங்கிட்டு வா.”

போனேன். ஷாபெரை தரவில்லை. வேண்டுமென்றால் வந்து கேட்கட்டும் என்றாள். சில நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு போனார். மதிலுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் பையோடு அவள். சுற்றியிருந்த கூரைகளில் பெண்களும் பிள்ளைகளும் வந்து நின்றுவிட்டார்கள்.

“என்ன வேணும் லாலா?”

“விதை.”

“யாரோட விதை?”

என் கணவர் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

“காதுல விழல.”

“உன்னோடது.”

“பேர் இருக்கு எனக்கு.”

“ஷாபெரையோட விதை” என்றார். கூரைகளில் ஒரு சிறுமி சிரித்தாள். பை மதிலைத் தாண்டி வந்து அவர் காலடியில் விழுந்தது.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இது நடக்கிறது. அவர் கேட்காவிட்டாலும் அவள் கொடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் கேடு அவள் வயலுக்கு. அது அவருக்கு இன்றுவரை தோன்றவில்லை. தோன்ற வேண்டுமென்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒருநாளாவது கவனித்திருக்க வேண்டும். ஷாபெரைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் சொல்ல வைத்தாயே, மனசு ஆறியதா என்று ஒருமுறை கேட்டேன். பாக் கடைத்தெருவில் போய்ச் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

எந்த ஆண் செடியை, எப்போது பிடுங்க வேண்டும் என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். அவள் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. காற்று ஏறுகிற மேல்வரிசைகளில் அவளுக்காகப் பிடுங்கிவிடுகிறேன். என் கணவர் விதைக்கென்று ஒதுக்கி வைக்கிற, ஓடைக்கு அப்பால் காற்று மேட்டுக்கு ஏறாத அந்த மூலைத் துண்டில் மட்டும் நான் கை வைப்பதில்லை. அங்கே விதை கெட்டால்தானே அவர் மறுபடி மதிலோரம் போய் நிற்பார்.